சவரிமுத்து வாங்கி வந்த பிரேக் கட்டைகள்

சரிவில் பாதி தூரம் இறங்கிய பிறகுதான் பிரேக் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

விடிந்தும் விடியாத நேரம். பினாங்கில் ஆயர் ஈத்தாம் மலையடியில் நாங்கள் பால் எடுக்கும் மாட்டுக்கொட்டகை. அங்கிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்குகிற செம்மண் பாதை. சைக்கிளின் பின்னால் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்குகிறது. பிரேக் கைப்பிடியை அழுத்தினேன். எப்போதும் ஒரு கிறீச் சத்தம் வரும். அன்றைக்குச் சத்தமே இல்லை. கட்டை ரிம்மைத் தொட்டது, வழுக்கியது. முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் சேர்த்து அழுத்தினேன். சைக்கிள் இன்னும் வேகம்தான் பிடித்தது.

வெறுங்காலை மண்ணில் ஊன்றி இழுத்தேன். பாதத்துத் தோல் உரிந்தது. வேறு வழியில்லாமல் ஓரத்து லாலாங் புல்லுக்குள் திருப்பினேன். சைக்கிள் சாய்ந்தது. ஒரு கேன் மூடி கழன்று, கறந்த சூடு ஆறாத பால் என் இடுப்பிலிருந்து கால்வரை வழிந்தது.

நான் எழுந்திருப்பதற்குள் கோவிந்தன் என்னைத் தாண்டிப் போனான். என்னோடு பால் போடுகிறவன். "பிடிக்கலடா காத்தான்! பிடிக்கலடா!" என்று கத்திக்கொண்டே போனான். கீழே ரோட்டு முனையில் ஒரு சீனர் காய்கறி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இடித்த சத்தம் மேலே எனக்குக் கேட்டது. முட்டைக்கோஸ் ரோட்டில் உருண்டது. கோவிந்தன் எழுந்திருக்கவில்லை.

புல்லுக்குள் நின்றபடி நான் முதலில் நினைத்தது இதுதான்: இது தானாக நடந்ததில்லை. எவனோ செய்திருக்கிறான்.

எங்களை யார் நம்பினார்கள்?

இந்தப் பத்திரிகையில் போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் ஆசிரியருக்கு எழுதியிருக்கிறார். "இந்த மனிதர் யாரையுமே நம்பமாட்டாரா?" என்று கேட்டிருக்கிறார். ஐயா, நான் பால்காரன். என்னை யார் நம்பினார்கள்?

ஒரு வீட்டு அம்மாள் நான் ஊற்றும் பாலில் ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் விட்டுப் பார்ப்பார். சொட்டு நின்றால்தான் பாத்திரம் வெளியே வரும். இன்னொரு வீட்டில் வாசலிலேயே அடுப்பு மூட்டிக் காய்ச்சி, ஆடை எவ்வளவு கட்டுகிறது என்று பார்ப்பார்கள். அதுவரை நான் வெயிலில் நிற்க வேண்டும். முனிசிபாலிட்டி ஆள் நடுரோட்டில் நிறுத்திக் கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்கவிடுவான். குழாய் கொஞ்சம் இறங்கினாலும் அவன் முகம் கல்யாண வீட்டுக்காரன் முகம் மாதிரி மலரும்.

நான் பாலில் தண்ணீர் கலந்ததில்லை என்று இங்கே எழுதினால் நம்புவீர்களா? நம்ப மாட்டீர்கள். அதனால் எழுதவில்லை.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. எஸ்டேட்டுகளில் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக நிறுத்தினார்கள். வேலை இல்லாதவனைப் பிடித்து ஊருக்குக் கப்பலேற்றினார்கள். பினாங்குத் துறையில் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்த குடும்பங்களை நான் தினமும் பார்த்தேன். எனக்கு ஒரு சைக்கிளும் பால் ஊற்ற சில வீடுகளும் இருந்தன. அந்தச் சைக்கிள் நின்றால் நானும் துறையில்தான் உட்கார வேண்டும்.

தவுக்கே சொன்னது நிஜம், கொடுத்தது பொய்

அந்தச் சைக்கிளை ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். "ஒபீசுக்கும் கோயிலுக்கும் தவிர வேற ஒரு இடமும் ஓடேல்லை, தம்பி" என்றார். அந்தக் கோயில் காசியில் இருந்திருக்க வேண்டும். பல்சக்கரத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றியது. முன் பல்சக்கரத்தின் பல் ஒவ்வொன்றும் சுறாமீன் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து கூராகியிருந்தது. செயினைக் கழற்றி, படுக்கை வாட்டத்தில் இரண்டு கையாலும் பிடித்தால் நடுவில் தொங்கியது. நல்ல செயின் அப்படிப் பிடித்தால் விறைப்பாக நிற்கும். தேய்ந்தது பழைய கயிறு மாதிரி தொய்யும்.

அப்போது என் சைக்கிளில் பிரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றினால் மிதியும் சுற்றும். இறக்கத்தில் கூடக் காலை நிறுத்த முடியாது. அதில் ஒரு நன்மை உண்டு. மிதியை எதிர்த்து அழுத்தினால் வேகம் குறையும். பிரேக் கெட்டாலும் கால் இருக்கிறது.

பினாங்கு ரோட்டுப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த சீன முதலாளியிடம் போனேன், தவுக்கே என்போம். செயின் மட்டும் கேட்டேன். அவர் சைக்கிளைத் திருப்பிப் பார்த்தார்.

"செயின், முன் பல்லு, பின் பல்லு, மூணும் மாத்து. செயின் மட்டும் போட்டா லொம்பாட் லா, லொம்பாட்!" என்று கையைத் தவளை குதிக்கிற மாதிரி மேசைமேல் குதிக்கவிட்டார்.

"மூணும் வித்தா உனக்கு நல்லதுதான்" என்றேன்.

"உனக்கும் நல்லது."

ஒரு சாமான் கேட்டு வந்தவனிடம் மூன்று சாமான் விற்கிறவனை நான் எப்படி நம்புவேன்? சூலியா தெருவில் இன்னொரு கடைக்குப் போனேன். ஜப்பான் செயின் ஒன்று மலிவாகக் கிடைத்தது. வாங்கி நானே மாட்டினேன். டத்தோ கெராமட் ரோட்டில் ஏறி நின்று மிதித்தபோது செயின் பல்லை விட்டுக் குதித்தது. என் முழங்கால் ஹேண்டிலில் போய் மோதியது. நாலு அடி போனேன், மறுபடியும் குதித்தது. தவுக்கே கை எப்படிக் குதித்ததோ அப்படியே.

விஷயம் இதுதான். பழைய செயின் ஓடி ஓடி நீண்டுபோகும். பல்லும் அதோடு சேர்ந்து தேயும். இரண்டும் ஒன்றுக்கொன்று பழகிவிடும். புதுச் செயினின் அளவு வேறு, தேய்ந்த பல்லின் அளவு வேறு. பின் பல்சக்கரம் சின்னது, பல் குறைவு, அதனால் அங்கேதான் முதலில் குதிக்கும். காசு மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்கள் செயின் நீளுமுன்பே அதை மட்டும் மாற்றிவிட வேண்டும். முற்றிய பிறகு மாற்றினால் மூன்றையும் மாற்ற வேண்டியதுதான்.

தவுக்கே கடைக்குத் திரும்பிப் போனேன். அவர் தவளைக் கையை மட்டும் மறுபடி காட்டினார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

முன் பல்சக்கரம் பழையதில் நல்லதாக ஒன்று எடுத்துக் கொடுத்தார். பின்னால் பிரீவீல் போட்டுக்கொள் என்றார். மிதிக்காமலே ஓடும், இறக்கத்தில் காலுக்கு ஓய்வு. சரி என்றேன். ஒரு பிரீவீலைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். புதிது என்றார். நான் காதோரம் வைத்துச் சுற்றினேன். டிக் டிக் சத்தம் ஒரே சீராக வரவில்லை. இரண்டு விரலில் பிடித்து ஆட்டினேன், பல் வளையம் அசைந்தது. மூக்கருகில் கொண்டுபோனேன். மண்ணெண்ணெய் வாடை. புதுச் சாமானை எவன் மண்ணெண்ணெயில் கழுவுவான்?

மேசையில் போட்டேன். "இதுவும் லொம்பாட்டா தவுக்கே?"

அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு உள்ளே போய்ப் பெட்டியைப் பிரித்து உண்மையான புதுசை எடுத்து வந்தார். மூன்றையும் மாற்றச் சொன்னது நிஜம். முதலில் கொடுத்த சாமான் பொய். ஒரே வாயிலிருந்து இரண்டும் வரும். அதற்குப் பிறகு ஆளை நம்புவதா இல்லையா என்று நான் யோசிப்பதில்லை. ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாகப் பார்ப்பேன்.

சவரிமுத்து

பிரீவீல் போட்ட பிறகு மிதியை எதிர்த்து அழுத்தி நிறுத்த முடியாது. இனி உயிர் பிரேக் கையில். கொட்டகையில் பால் எடுக்கும் மற்றவர்களும் அந்தச் சமயத்தில் ஒவ்வொருவராகப் பிரீவீலுக்கு மாறியிருந்தார்கள். எல்லோருக்கும் நல்ல பிரேக் கட்டை தேவைப்பட்டது.

அப்போதுதான் சவரிமுத்து ஒரு பெட்டி ஜப்பான் கட்டையோடு வந்தான்.

சவரிமுத்து கத்தோலிக்க வேதக்காரன். அக்கரையில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பால் மரம் வெட்டியவன். வேலை போய், மாசமாக இருந்த மனைவியோடு பினாங்குக்கு வந்து, பூலாவ் தீக்குஸில் மாதா கோயில் பக்கம் ஒரு அறை எடுத்திருந்தான். கொட்டகைக்காரர் அங்கப்பண்ணன் அவனுக்குப் பால் கொடுத்தார். வந்த கொஞ்ச நாளிலேயே அந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பிடித்துவிட்டான். நான் வருஷக்கணக்காக ஆசைப்பட்ட வீடுகள். எனக்கு அவனைப் பிடிக்காது. இதை மறைக்க ஒன்றுமில்லை.

"கடையில வாங்குற வெலையில பாதிதான்" என்று கட்டைகளைப் பலகைமேல் பரப்பினான். "நானே மாட்டித் தர்றேன்."

"உனக்கு எவ்வளவு நிக்குது?" என்று கேட்டேன்.

"ஒரு கோப்பி குடிக்க நிக்குது. போதுமா காத்தான்?"

"இவ்வளவு மலிவா ஒருத்தன் கொடுத்தா ஏதாச்சும் காரணம் இருக்கும்."

"காரணம் இருக்கு. பெட்டியோட மொத்தமா எடுத்தேன். விஷமா வச்சிருக்கேன், கடிச்சுப் பாக்குறியா?"

கோவிந்தன் சிரித்தான். "காத்தான் அவங்க ஆத்தா பாலையே நகத்துல விட்டுப் பாத்துட்டுத்தான் குடிச்சிருப்பான்."

எல்லோரும் வாங்கினார்கள். நான் வாங்கவில்லை. தவுக்கேயிடம் போய், இருந்த கட்டையெல்லாம் கொட்டிக் கவிழ்த்துப் பொறுக்கினேன். மோட்டார் கார் டயரை வெட்டிக் கட்டை என்று விற்பார்கள். விளிம்பைப் பார்த்தால் உள்ளே துணி நூல் தெரியும். அது வேண்டாம். நகத்தை அழுத்தினால் தடம் விழுந்து, மெல்ல மறைய வேண்டும். தடமே விழாதது காய்ந்த சரக்கு, ரிம்மைத் தின்னும். தடம் அப்படியே நிற்பது மாவு, மழை வந்தால் கரையும்.

மாட்டுவதிலும் சூட்சுமம் இருக்கிறது. எங்கள் சைக்கிளில் கம்பி பிரேக். கைப்பிடியை இழுத்தால் கம்பி மேலே வந்து, கட்டை ரிம்மின் உள்பக்கத்தில் போய் ஒட்டும். இரண்டு பக்கத்துக் கட்டையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒரு காசு நுழைகிற இடம் விட்டால் போதும். அதிகம் விட்டால் கைப்பிடி ஹேண்டிலில் முட்டும், சக்கரம் நிற்காது.

நான் சரியாகத்தான் மாட்டினேன். சவரிமுத்து மற்றவர்களுக்கு மாட்டியதையும் குனிந்து பார்த்தேன். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்றுதான் பார்த்தேன். கிடைக்கவில்லை. எரிச்சலாக இருந்தது.

பூஜை

ஆயுத பூஜை வந்தது. சாயந்திரம் கடைசி நடை பால் போட்டுவிட்டு எல்லோரும் கொட்டகைக்கு வந்து சைக்கிளை வரிசையாக நிறுத்தினோம். அங்கப்பண்ணன் பக்தியில் குறை வைக்காத மனிதர். புல் அறுக்கும் அரிவாள், தீவனம் வெட்டும் கத்தி, பால் அளக்கும் படி, மாட்டுவண்டிச் சக்கரம் எல்லாவற்றையும் தன் கையாலேயே துடைத்துப் பளபளப்பாக்குவார். அடுத்தவன் துடைத்தால் அவருக்குத் திருப்தி கிடையாது.

சவரிமுத்து மட்டும் தன் சைக்கிளை வேலிக்கு வெளியே நிறுத்தியிருந்தான்.

"அதையும் கொண்டாந்து வையிடா" என்றார் அங்கப்பண்ணன்.

"என் சைக்கிள விட்ருங்கண்ணே. கோயில்ல தெரிஞ்சா பாதர் ஏசுவாரு."

"பால் எங்கிட்ட, சாமி மட்டும் வேறயா?"

சவரிமுத்து சைக்கிளை வெளியிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தான். பொரியும் கடலையும் கொடுத்தபோது இரண்டு கையாலும் வாங்கிச் சாப்பிட்டான். வாழைப்பழத்தை மனைவிக்கு என்று மடியில் கட்டிக்கொண்டான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் போன பிறகும் அங்கப்பண்ணன் முகம் சரியாகவில்லை.

மற்ற சைக்கிள்கள் சந்தனம், குங்குமத்தோடு அங்கேயே நின்றன. நாங்களும் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலையில்தான் நான் முதலில் சொன்னது நடந்தது.

"கப்பல்ல பெறட்டும்"

நானும் கோவிந்தனும் மட்டுமல்ல. பூஜையில் நின்ற சைக்கிள்களில் ஒன்றுகூட அந்தச் சரிவில் நிற்கவில்லை. ராமையா என்கிறவன் கால்வாயில் இறங்கினான். இன்னொருவன் சைக்கிளை விட்டுக் குதித்துவிட்டான். எங்களுக்கு முன்னால் இறங்கிய சவரிமுத்துவின் சைக்கிள் மட்டும் கீழே போய் ஒழுங்காக நின்றது. சத்தம் கேட்டு அவன்தான் முதலில் ஓடிவந்து கோவிந்தனைத் தூக்கினான். கோவிந்தனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. ரிக்ஷாவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

கேன்களைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கொட்டகையில் கூடினோம். யாரும் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"கட்டை வாங்கிட்டு வந்தது யாரு?" என்றான் ராமையா. உடம்பெல்லாம் கால்வாய்ச் சேறு.

"மாட்டினது யாரு?"

"நம்ம எல்லாரும் விழுந்தோம். அவன் சைக்கிள் மட்டும் எப்படி நின்னுச்சு?"

"குப்பைய நம்ம தலையில கட்டிட்டு, நல்லத அவன் போட்டுக்கிட்டான்."

"நேத்து சாமிகிட்ட வைக்க மாட்டேன்னான்ல? அப்பவே ஏதோ வச்சிருந்திருக்கான் மனசுல."

சவரிமுத்துவின் சட்டையில் கோவிந்தனின் ரத்தம் இருந்தது. "அண்ணே, எனக்கும் அதே பெட்டிக் கட்டைதாண்ணே. கழட்டிப் பாருங்க" என்றான்.

அங்கப்பண்ணன் கழற்றிப் பார்க்கவில்லை. "இன்னையோட உனக்குப் பால் இல்ல."

"அண்ணே, வீட்டுல அவ மாசமா இருக்கா. இத விட்டா கப்பல்லதான் ஏத்துவாங்க."

"கப்பல்ல பெறட்டும்."

சாணி அள்ளும் ஆள் கூடக் கூடையோடு நின்றுவிட்டான். அந்தக் கப்பலில் பிள்ளை பெற்றவர்கள் கதையெல்லாம் எங்களுக்குத் தெரியும். பெற்றுப் பிழைக்காதவர்கள் கதையும் தெரியும்.

அங்கப்பண்ணன் என் பக்கம் திரும்பினார். "பூலாவ் தீக்குஸ் வீடெல்லாம் இனிமே காத்தான் பாத்துக்கட்டும்."

இங்கே உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். நான் வாய் திறந்தது சவரிமுத்துமேல் இரக்கப்பட்டு இல்லை. அந்த வீடுகள் எனக்கு வேண்டும். ஆனால் எனக்கு யாராவது ஒன்றைச் சும்மா தூக்கிக் கொடுத்தால் உடனே உடம்பு உஷாராகிவிடும். அங்கப்பண்ணன் எனக்கு ஒரு படி பாலைக்கூடச் சும்மா கொடுத்தவர் இல்லை. இப்போது ஏன் இந்த அவசரம்? ஒரு கட்டையைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் எதற்கு இந்தத் தீர்ப்பு?

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. என் கட்டை சவரிமுத்து கொடுத்தது இல்லை. தவுக்கே கடையில் நானே பொறுக்கி, நானே மாட்டியது. அதுவும்தானே பிடிக்கவில்லை?

விரலில் ஒட்டியது

சாய்த்து வைத்திருந்த என் சைக்கிளிடம் போனேன். ரிம்மின் உள்பக்கம் விரலை வைத்து இழுத்தேன். விரல் பளபளத்தது. முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய். கூடவே சந்தன வாடை.

ராமையாவின் சைக்கிள். அதே. குதித்தவனின் சைக்கிள். அதே. வெளியே நின்ற சவரிமுத்துவின் சைக்கிளுக்குப் போனேன். விரலில் கறுப்புத் தூசிதான் வந்தது.

அரிவாளுக்கும் கத்திக்கும் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பது எங்கள் வழக்கம். துரு பிடிக்காது, பூஜையில் மின்னும். அதே துணியோடு மனிதர் சைக்கிளுக்கும் வந்திருக்கிறார். கம்பி, மிதி, ரிம் என்று ஒரு இடம் விடவில்லை. ரிம்மின் உள்பக்கம்வரை கையை விட்டுத் துடைத்திருக்கிறார். அவ்வளவு பக்தி.

"அண்ணே, நேத்து ரிம்முக்கு என்ன தடவுனீங்க?"

"என்னடா கேக்குற?"

"எண்ணெயா?"

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. "சாமி காரியத்துல குத்தம் சொல்றியா?"

"சாமியச் சொல்லலண்ணே. எண்ணெயச் சொல்றேன். கட்டை எண்ணெயில எப்படிண்ணே பிடிக்கும்?"

"வருஷா வருஷம் தடவுறேன். இந்த வருஷம் மட்டும் என்னவாம்?"

"போன வருஷம் எவன்கிட்டயும் பிரீவீல் இல்ல. எல்லாரும் கால்லதான் நிறுத்துனோம். பிரேக் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராமையா தன் ரிம்மைத் தொட்டு முகர்ந்தான். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான். அவனுக்கும் அங்கப்பண்ணன்தான் பால் கொடுக்க வேண்டும்.

"உன் கட்டை வேற, அவன் கட்டை வேற" என்றார் அங்கப்பண்ணன். "எண்ணெயில உன்னோடது வழுக்கியிருக்கலாம். அதனால அவனோடது குப்பை இல்லன்னு ஆயிடுமா?"

கேட்க எரிச்சலாக இருந்தாலும் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"அப்ப அவன் கட்டை போட்ட சைக்கிளையே ஓட்டிப் பாத்துருவோம்."

"ஓட்டு. நீயே ஓட்டு. அவன் கை படக்கூடாது."

ராமையாவின் சைக்கிளை எடுத்தேன். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து இரண்டு ரிம்மையும் துடைத்தேன். பிறகு அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேய்த்தேன். கட்டைகளைக் கழற்றி, எண்ணெய் ஊறிய முகத்தைக் கருங்கல்லில் உரசினேன். ரிம்மை மட்டும் துடைத்துவிட்டுக் கட்டையை விட்டுவிட்டால் பிரயோஜனமில்லை. அங்கப்பண்ணன் இடுப்பில் கை வைத்து மேலேயே நின்று பார்த்தார். சவரிமுத்து வேலியோரம் நின்றான். பக்கத்தில் வரவில்லை.

பால் கேன்களில் தண்ணீர் நிரப்பி மாட்டினேன். காலையில் இருந்த அதே பாரம் வேண்டும் அல்லவா? சரிவின் தலையில் போய் நின்றபோதுதான் எனக்குப் பயம் வந்தது. கொட்டகையில் எல்லோரும் வாங்கியபோது நான் மட்டும் வேண்டாம் என்று ஒதுக்கிய கட்டை. நகம் வைத்துக்கூடப் பார்த்ததில்லை. காலில் உரிந்த இடம் எரிந்தது. கீழே முட்டைக்கோஸ் இலை இன்னும் ரோட்டில் கிடந்தது.

மிதித்து வேகம் ஏற்றினேன். காலையில் நான் விழுந்த இடம் தாண்டியது. பாதியில் ஒரு ரம்புத்தான் மரம் உண்டு. அதற்கு நேராக வந்ததும் இரண்டு கைப்பிடியையும் இழுத்தேன்.

கிறீச் என்று மலையே கேட்கிற மாதிரி ஒரு சத்தம். கேன்கள் முன்னால் வந்து என் தொடையில் இடித்தன. தண்ணீர் தளும்பிக் கொட்டியது. சைக்கிள் நின்றது. நான் காலை ஊன்றவே இல்லை.

மேலே இருந்து யாரும் கை தட்டவில்லை. திரும்பிப் பார்த்தேன். அங்கப்பண்ணன் அங்கே இல்லை. கொட்டகைக்குள் போய்விட்டிருந்தார்.

சாயந்திரப் பால்

தப்பு என்று அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, சாகும்வரையிலும் சொல்லவில்லை. எண்ணெய் என்ற வார்த்தையை மறுபடி எடுக்கவும் இல்லை. மத்தியானம் அவர் கோவிந்தனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார் என்று கேள்வி. நாங்கள் ஆளுக்கொரு துணியோடு உட்கார்ந்து ரிம் துடைத்தோம். சவரிமுத்துவோடு யாரும் பேசவில்லை. காலையில் பேசியதையெல்லாம் எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு அவனிடம் சொல்ல ஒன்றும் இல்லை. பூலாவ் தீக்குஸ் வீடுகள் கைவிட்டுப் போகுமே என்று எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

சாயந்திரம் கறந்து முடித்ததும் வழக்கப்படி கேன்களோடு வரிசையில் நின்றோம். எங்களில் மூத்தவன் முதலில் நிற்பான், பிறகு ராமையா, பிறகு நான். சவரிமுத்து கடைசி. வந்திருந்தானே தவிர, பால் கிடைக்கும் என்று அவன் நிற்கவில்லை. போகச் சொல்லும்வரை நிற்போம் என்று நின்றான்.

அங்கப்பண்ணன் படியை எடுத்தார். வரிசையைத் தாண்டி நடந்தார். கடைசிக்குப் போய், சவரிமுத்துவின் கேன் மூடியைத் தானே திறந்து, முதல் பாலை அதில் ஊற்றினார். முகத்தைப் பார்க்கவில்லை. படி நிறைய நுரையோடு ஊற்றினார். பிறகு வரிசையின் தலைக்குத் திரும்பி வந்தார்.

சவரிமுத்து கேன்களைத் தூக்கிச் சைக்கிளில் மாட்டினான். ஏறவில்லை. குனிந்து தன் ரிம்மின் உள்பக்கம் விரலை விட்டு இழுத்தான். விரலை மூக்கருகே வைத்து முகர்ந்தான். பின் சக்கரத்திலும் அப்படியே செய்தான். செயினைத் தூக்கிப் பார்த்தான். கைப்பிடியை அழுத்திச் சைக்கிளைத் தள்ளிப் பார்த்தான். ஒவ்வொன்றையும் மெதுவாக, நாங்கள் எல்லோரும் பார்க்கச் செய்தான். நிமிர்ந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். அங்கப்பண்ணனைப் பார்த்த அதே பார்வைதான் ராமையாவுக்கும். ராமையாவைப் பார்த்த அதே பார்வைதான் எனக்கும்.

அவனுக்காக அந்தச் சரிவில் இறங்கியவன் நான். ராமையாவுக்கு அந்தப் பார்வை பொறுக்கவில்லை. "பாத்தியா காத்தான், உன்னையும்தான் சந்தேகப்படுறான்" என்று என் காதில் சொன்னான்.

"படட்டுமே" என்றேன். "இனிமேதான் அவன் இந்த ஊர்ல பொழைப்பான்."

சவரிமுத்து ஏறி உட்கார்ந்தான். சரிவில் பிரேக் சத்தம் கீழே போய்ச் சேரும்வரை எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.